அக்கரையிலிருந்து அவள் எப்படித் திரும்பினாள்?

ஃபேன்ஃபிக் (பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிறவர்கள், வாசகர்களோடு தங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருப்பது ஒரு ஃபேன்டஸி ஃபேன்டத்தில், அதாவது ரசிகர் வட்டத்தில். மந்திரம், போர், அரியணைச் சண்டை எல்லாம் உள்ள பெரிய தொடர். பெரும்பாலானவர்கள் நாயகனையும் அவன் எதிரியையும் வைத்துத்தான் எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது ஒரு படகுக்காரி. மூலக்கதையில் அவள் வருவது இரண்டே பக்கம். துரத்தப்பட்டு ஓடிவரும் நாயகனை இரவோடு இரவாக ஆற்றைக் கடத்தி அக்கரையில் இறக்கிவிடுவாள். கூலி வேண்டாம் என்பாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன் கூலி வேண்டாம் என்றாள்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதை வைத்து ஏஓ3 என்ற ஃபேன்ஃபிக் தளத்தில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தேன்.

சின்னப் பாத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமாக இருக்கும். அவள் பெயருள்ள டேகை (கதையில் யார் வருகிறார்கள் என்று காட்டும் குறிச்சொல்லை) தட்டினால் மொத்தமே 6 கதைகள். அதிலும் பாதிக் கதைகளில் பேருக்குத் தலைகாட்டிவிட்டுப் போவாள். என் முதல் அத்தியாயத்துக்கு ஒரு வாரத்தில் 40 ஹிட்ஸ் (கதையைத் திறந்தவர்கள் கணக்கு), 3 குடோஸ் (பிடித்திருக்கிறது என்று அழுத்துவது). கமெண்ட் ஒன்றுகூட இல்லை.

குடோஸ் பற்றிப் படிக்கிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஏஓ3யில் ஒரு கதைக்கு ஒருவர் ஒரு முறைதான் குடோஸ் தர முடியும். அத்தியாயத்துக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. முதல் அத்தியாயத்தில் அதை அழுத்தியவர் பத்தாவது வரை கூடவே வருகிறாரா, இரண்டாவதிலேயே கழன்றுகொண்டாரா என்று எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற தளம் அது. 2009இல் பொதுவில் திறந்தபோதிலிருந்தே விளம்பரம் கிடையாது, கதைக்குக் காசு கேட்கவும் விதி இடம் கொடுக்காது. எங்களுக்குக் கிடைக்கிற கூலி கமெண்ட்தான். கமெண்ட் போட என்ன இருக்கிறது என்று நினைக்கிற வாசகர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அத்தியாயத்துக்கு முதல் கமெண்ட் வந்தது. இரண்டே வாக்கியம். "அவனை இறக்கிவிட்ட பிறகு அவள் தனியாகத்தானே திரும்பியிருப்பாள்? அப்போது படகு லேசாக இருந்திருக்குமே."

நான் அந்த ஆற்றை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எல்லாமே போகிற பயணம்தான். திரும்பி வருகிற பயணம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தோன்றியதில்லை. நான்காவது அத்தியாயம் முழுக்க அதைத்தான் எழுதினேன். பேச்சு இல்லை, சண்டை இல்லை, இருட்டில் ஒருத்தி படகு ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறாள். என் பீட்டா (கதை வெளிவரும் முன்பே படித்துத் திருத்தம் சொல்பவர்) படித்துவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தினார். அவள் தன் கரையைப் பார்த்தபடி வருகிறாள் என்று எழுதியிருந்தேன். "உட்கார்ந்து துடுப்பு வலிக்கிறவள் போகிற பக்கம் முதுகைக் காட்டித்தானே இருப்பாள்? விட்டுவந்த கரைதான் அவள் கண்ணுக்கு நேரே இருக்கும்" என்றார். அதாவது, வழி நெடுக அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாக வேண்டும், அவன் புள்ளியாகி இருட்டோடு கலக்கிற வரைக்கும். அந்த அத்தியாயம் அப்படியே மாறிப்போனது. இதுவரை நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதில் பாதி அந்த வாசகருடையது, மீதியில் பெரும்பங்கு பீட்டாவுடையது.

அதற்குப் பிறகு அத்தியாயம் தவறாமல் அவரிடமிருந்து கமெண்ட் வந்தது. வெறும் பாராட்டாக ஒன்றுகூட இருக்காது. எப்போதும் ஒரு கேள்வி, இல்லையென்றால் நான் போகிற போக்கில் எழுதிய ஒரு பொருளைப் பற்றிய விசாரிப்பு. ஏழாவதில் வந்த விளக்கு பத்தாவதில் எங்கே போயிற்று என்று கேட்டார். அவருக்கு என்ன வயது, எந்த நாடு, எதுவும் எனக்குத் தெரியாது.

பதினான்காவது அத்தியாயம் வந்த அன்று வேறொருவர் கமெண்ட் போட்டார். கணக்கு இல்லாமல் விருந்தினராக வந்தவர். இரண்டு பக்கப் பாத்திரத்துக்கு இவ்வளவு இழுவையா, கேனனை (மூலக்கதையை) கெடுக்கத்தான் உன்னைப் போன்றவர்கள் எழுதுகிறீர்கள் என்று ஆரம்பித்து நீளமாகப் போனது. மீதியை இங்கே எழுத மனமில்லை. அன்று இரவே கதையை அழித்துவிட்டேன்.

இதே மனநிலையில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அழிக்காதீர்கள். விருந்தினர் கமெண்ட்களை நிறுத்திவைக்கலாம். நீங்கள் பார்த்து அனுமதித்தால் மட்டும் கமெண்ட் தெரியும்படி வைக்கலாம். அந்தக் கதையோடு ஒட்டே வேண்டாம் என்றால்கூட 'ஆர்ஃபன்' செய்யலாம். உங்கள் பெயர் போய்விடும், கதையும் கமெண்ட்களும் அப்படியே இருக்கும். அதைத் திரும்பப் பெற முடியாது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று இது எதுவும் தோன்றவில்லை. அழித்த கதையின் பிரதியைத் தளமே மெயிலில் அனுப்பிவிடும் என்பதால் கதை என் கையில் இருந்தது. போனது கமெண்ட்கள். அவை போனதுதான் மறுநாள் காலையில் உறைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து என்னுடைய பழைய ஒன்-ஷாட் (ஒரே அத்தியாயக் கதை) ஒன்றின் கீழே அந்தப் பழைய வாசகர் வந்தார். "படகுக்காரியைக் காணோம். புக்மார்க்கில் அழிக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் காட்டுகிறது. கதை வேண்டாம், நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்." நடந்ததைச் சொன்னேன். உங்கள் கமெண்ட்களைச் சேர்த்து அழித்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி, என் மெயில் முகவரியும் கொடுத்தேன்.

இரண்டு நாளில் ஒரு கோப்பு வந்தது. எழுதுகிறவர்களிடம் தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், ஒவ்வொரு கமெண்டையும் முதலில் போனில் எழுதிவைத்து, ஓரிரு நாள் திருத்தி, அப்புறம்தான் போடுவாராம். எல்லாம் அப்படியே இருந்தன, அடித்தது திருத்தியது உட்பட. நான்காவது அத்தியாயத்துக்கு எனக்கு வந்தது, "படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவன் நின்ற இடத்தில் வேறு யாராவது வந்து நின்றால் அவளுக்குத் தெரியுமா?" என்ற ஒரே வரி. கோப்பில் அதற்கு மேலே பதினோரு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று, "என் அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்த நாள் ஞாபகம் வந்தது."

மூன்றாவதிலிருந்து பதினான்காவது வரை அத்தியாயத்துக்கு ஒன்றும், அதற்கு மேல் ஒன்றுமாக 13 குறிப்புகள் இருந்தன. கடைசியானது, நான் எழுதாத பதினைந்தாவது அத்தியாயத்தைப் பற்றி அவராகவே யோசித்து வைத்தது. "கூலி வாங்கியிருந்தால் கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். வாங்காததால் அவன் ஒரு நாள் திரும்பி வந்து கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் வேண்டாம் என்றாளோ?"

கதையை மறுபடி ஏற்றினேன். கதை யாருக்குப் பரிசு என்று குறிக்கிற, கிஃப்ட் என்று இருக்கிற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். மறுநாளிலிருந்து நாளுக்கு ஒன்றாக, தன் பழைய கமெண்ட்களை அந்தந்த அத்தியாயத்தின் கீழே திரும்பவும் போட ஆரம்பித்தார். நான்காவது அத்தியாயத்தின் கீழே இப்போது பன்னிரண்டு வரிகளும் இருக்கின்றன. பதினைந்தாவதை நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான், படகு இன்னும் நடு ஆற்றில் இருக்கிறது.