மலையில் புது வீடு: எர்த் 10 ஓம் வராவிட்டால் என்ன செய்வது?

லிந்துலை_புதுவீடு
7 பேர்ச்சஸ் நிலம். இரண்டு அறை, குசினி, குளியலறை. சிங்கிள் பேஸ் 30 ஆம்பியர் கேட்கப் போகிறோம். மண் இரண்டு அடிதான், கீழே பாறை. எர்த் ராட் இரண்டு அடிக்கு மேல் இறங்கவில்லை. அளந்தால் 140 ஓம். வயரிங் பாஸ் 10 ஓமுக்குக் கீழே வராமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். இன்னொருவர், ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருக்கும்போது எர்த் எத்தனை ஓம் இருந்தால் என்ன என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதுளை_வயர்மேன்
பாஸ் சொல்வதுதான் சரி. ட்ரிப் சுவிட்ச் ஒரு மிஷின், ஒரு நாள் இறுகும். எர்த் கம்பி இறுகாது. மழை காலத்தில் ட்ரிப் அடிக்கடி விழுந்தால் வீட்டுக்காரரே ஆளைக் கூப்பிட்டு அதைத் தாண்டி நேராக வயர் இழுத்து பைபாஸ் பண்ணிவிடுவார். அப்போது மிஞ்சுவது எர்த் மட்டும்தான்.

மெகர்_ஹட்டன்
வயர்மேன் அண்ணே, 10 ஓம் கிடைத்ததாகவே வைத்துக் கணக்குப் போடுவோம். நம்ம ஊரில் மின்சார சபை லைனோடு எர்த் தருவதில்லை, வீட்டு எர்த்தை வீட்டுக்காரர்தான் போட வேண்டும். ஷவர் ஹீட்டர் பெட்டிக்குள் லைவ் கம்பி உடலில் பட்டால், கரண்ட் வீட்டு ராட் வழியே மண்ணுக்குள் போய் ட்ரான்ஸ்ஃபோமர் எர்த் வழியே திரும்ப வேண்டும். அங்கே ஒரு ஓம்கூட இல்லை என்று வைத்தாலும் 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். ஷவருக்குப் போடும் 25 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு அசையாது. உடனே விழ வேண்டுமானால் பி வகை பிரேக்கருக்கு ஐந்து மடங்கு, 125 ஆம்பியர் ஓட வேண்டும். நீங்கள் பாடுபட்டு 10 ஓம் கொண்டுவந்தாலும் ட்ரிப் இல்லாத வீட்டில் ஹீட்டர் உடல் லைவாகவே நிற்கும்.

30 மில்லிஆம்பியர் ட்ரிப்புக்கு விதி இதுதான்: எர்த் ஓமை 0.03-ஆல் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1667 ஓம் வரை கணக்கு ஒத்துவரும். ஆனால் 200 ஓமுக்கு மேல் போனால் வெயில் காலத்தில் நிலையாக நிற்காது என்று பிரிட்டிஷ் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671 எச்சரிக்கிறது. 140 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

பதுளை_வயர்மேன்
தம்பி, கணக்கு சரி. ஆனால் பாதியில் விட்டுவிட்டீங்க. ட்ரான்ஸ்ஃபோமர் பக்கம் 10 ஓம் என்று வைங்க. வீட்டு எர்த் 140 ஆனால் ஹீட்டர் உடலில் 215 வோல்ட் நிற்கும். வீட்டு எர்த்தும் 10 என்றால் 115 வோல்ட். ட்ரிப் வேலை செய்யாத அன்றைக்கு இந்த இரண்டும் ஒன்றா?

இன்னொன்று, எந்த மாதம் அளந்தீங்க? மேல் கொத்மலை, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மண் காயும். எங்கள் ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில்தான் வறட்சி. ஈர மண்ணில் 140 காட்டும் இரண்டடி ராட் காய்ந்த மண்ணில் 300-க்குப் போனாலும் ஆச்சரியமில்லை. அப்புறம் உங்கள் 200 எங்கே போகும்?

மெகர்_ஹட்டன்
115 வோல்ட்டும் ஈரக்காலோடு குளிப்பவரைக் கொல்லும் அண்ணே, அதில் ஆறுதல் எதுவும் இல்லை. வறட்சி விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டடி ராட்டை நான் எர்த் என்றே சொல்ல மாட்டேன்.

வரைபடம்_நுவரெலியா
இரண்டு பேரும் ராட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க. பாறை மேல் ராட்டைத் தட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. படுக்கையாகப் போடுங்க. 60 செ.மீ. ராட் 140 ஓம் காட்டினால், மண்ணின் தடை ஏறத்தாழ 84 ஓம் மீற்றர். 50, 60 செ.மீ. ஆழத்தில் 10 மீற்றர் நீளத்துக்குக் கானை வெட்டி, 25க்கு 3 மி.மீ. செம்புப் பட்டியை அப்படியே கிடத்தினால், மண் தடையை இரண்டால் பெருக்கி நீளத்தால் வகுக்கணும், 17 ஓம் வரும். கீழே பாறை என்பதால் 20, 25 என்று வைத்துக்கொள்ளுங்க. கல்லும் சரளையும் போட்டு மூடாதீங்க. வெட்டிய தேயிலை மண்ணைச் சலித்துப் பட்டியின் மேல் முதலில் போட்டு இடிக்கணும். பட்டி முழு நீளத்துக்கும் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், காற்று நிற்கும் இடம் எர்த் ஆகாது.

அத்திவாரம் இன்னும் போடவில்லை என்றால் வேலை இன்னும் லேசு. கொங்கிறீட் ஊற்றுமுன் அடிக்கம்பிகளை ஒன்றோடொன்று வெல்ட் செய்து, ஒரு முனையைச் சுவரில் மேலே எடுத்து வையுங்க. கொங்கிறீட் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், மாசி வெயிலிலும் காயாது. ஊற்றிய பிறகு யோசித்தால் பலனில்லை.

அனுமதி வரிசையையும் மறந்துவிடாதீங்க. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை முதலில், அதன் பிறகு பிரதேச சபையில் வரைபட அனுமதி, கடைசியில்தான் மின்சார சபை. நிலம் கம்பனி குத்தகையில் இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தை முதலே எடுத்து வையுங்க, ஃபைல் நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான். எர்த் கானைச் சரிவின் விளிம்பில், தாங்குசுவருக்குப் பின்னால் வெட்டாதீங்க. அங்கே தண்ணீர் இறங்கினால் சுவருக்குத்தான் கேடு.

லிந்துலை_புதுவீடு
அத்திவாரம் முடிந்துவிட்டது. கானை வெட்ட இடம் இருக்கிறது. மரக்கரியும் உப்பும் போடச் சொல்கிறார்களே?

பதுளை_வயர்மேன்
போடலாம். ஓம் உடனே இறங்கும்.

மெகர்_ஹட்டன்
இறங்கும், டெஸ்ட் நாளைக்கு மட்டும். நம்ம மழைக்கு உப்பு ஒரு வருஷத்தில் கழுவிப் போய்விடும், போகும்போது செம்பையும் தின்றுவிட்டுப் போகும். காசு இருந்தால் பென்டொனைட் என்ற களிமண் மாவு குழைத்துப் போடுங்க, இல்லாவிட்டால் நல்ல மண்ணே போதும்.

ட்ரிப் ஏன் விழுகிறது என்ற விஷயத்துக்கு வருவோம், பைபாஸ் பிறப்பது அங்கேதான். 30 மில்லி என்று எழுதிய ட்ரிப் 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கேயும் விழலாம். பழைய ஹீட்டர் எலிமென்ட் சில மில்லி கசியும், மூடுபனியில் வெளிச்சுவர் பெட்டிக்குள் வியர்த்த தண்ணீர் இன்னும் சில மில்லி. கூட்டினால் அடிக்கடி விழத்தான் செய்யும். அதனால் வீடு முழுவதற்கும் ஒரே ட்ரிப் வேண்டாம். மெயினில் 100 மில்லி தாமத வகை, இடி மின்னல் அதிர்ச்சிக்கு அது சட்டென்று விழாது. அதன் கீழே இரண்டு 30 மில்லி: ஒன்று ஷவருக்கும் வெளி விளக்குக்கும், மற்றது பிளக்குக்கும் உள் விளக்குக்கும். ஷவர் விழுந்தால் வீடு இருட்டாகாது, ஆளும் ஸ்க்ரூ ட்ரைவரைத் தேட மாட்டான்.

இதில் ஒரு பொறி. இரண்டு ட்ரிப் போட்டால் நியூட்ரல் பாரும் (நியூட்ரல் வயர்கள் சேரும் பித்தளைக் கட்டை) இரண்டு வேண்டும். ஒன்றின் லைவும் மற்றதன் நியூட்ரலும் கலந்தால், விளக்கைப் போட்ட கணமே விழும். ட்ரிப் பழுது என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பழுது பாரில் இருக்கும்.

பதுளை_வயர்மேன்
அது சரியான பேச்சு. இன்னொன்றும் சேர்த்துக்கோங்க. எல்லா பிரேக்கரையும் இறக்கிய பிறகும் ட்ரிப் நிற்க மறுத்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகப் பாரிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெகரில் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) எர்த்தோடு அளக்கணும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனில்தான் தகரக் கூரை ஆணி கண்டுயிட் என்ற வயர்க் குழாய்க்குள் இறங்கியிருக்கும்.

ஷவர் 4.5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். போர்டிலிருந்து தனி லைன், 7/0.85 வயர் (0.85 மி.மீ. கம்பி ஏழு சேர்ந்தது), 25 ஆம்பியர் பிரேக்கர். 13 ஆம்பியர் பிளக்கில் செருகினால் முள் கருகிப் போகும். ஷவர் ஓடும்போது 2 கிலோவாட் கேத்தலும் அயனும் சேர்ந்தால் 32-ஐத் தாண்டும், உங்கள் 30 ஆம்பியர் சேவைக்கு அது தாங்காது. 3.5 கிலோவாட் ஷவரே போதும் என்பேன்.

மெகர்_ஹட்டன்
நுவரெலியாவில் டிசம்பர் விடியற்காலைத் தண்ணிக்கு 3.5 போதுமென்று உங்கள் பதுளை வெயிலில் இருந்து சொல்லலாம் அண்ணே. 4.5 போடட்டும், கேத்தலை அப்புறம் வைக்கட்டும்.

ரிப்போர்ட் விஷயம்: ட்ரிப்பின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பது எர்த்தைச் சோதிப்பது ஆகாது, எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். கருவி வைத்து 15 மில்லியில் விழாமலும், 30-இல் 300 மில்லி செக்கனுக்குள்ளும், 150-இல் 40-க்குள்ளும் விழுகிறதா பார்க்கச் சொல்லுங்க. கானை போட்ட பிறகு எர்த் 22 வந்தால் 22 என்றே எழுதட்டும்.

பதுளை_வயர்மேன்
22 வந்தால் நானும் கையெழுத்து வைப்பேன். 140-க்கு வைக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை.

லிந்துலை_புதுவீடு
நாளைக்குக் கானை வெட்ட ஆள் சொல்லியாச்சு. செம்புப் பட்டி 10 மீற்றர் ஒரே துண்டாக ஹட்டனில் கிடைக்குமா, இல்லை இரண்டாக ஒட்டலாமா?

வரைபடம்_நுவரெலியா
ஒட்டலாம். ஈயம் வைத்து ஒட்ட வேண்டாம், ஒரு சாண் மேலேற்றி இரண்டு பித்தளை போல்ட். மண்ணுக்குள் புதைக்குமுன் அந்த மூட்டில் தார் பூசுங்க.