போஸ்ட்கிரெஸ் சர்வரைத் தொடங்கும்போது அமைப்புகளைக் கட்டளை வரியில் கொடுப்பதா, கோப்பில் எழுதுவதா?

இரவுப்பணி:

வணக்கம். எங்கள் குழுவில் பதினைந்து பேர் ஒரே லினக்ஸ் இயந்திரத்தில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தள சர்வரைப் பகிர்ந்து பயன்படுத்துகிறோம். பயன்பாடு கூடியதால், இணைப்புகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்ற பிழைச் செய்தி அடிக்கடி வரத் தொடங்கியது. ஆகவே போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் மதிப்பை 100இலிருந்து 250 ஆக மாற்றி, சர்வரை ஏற்றவும் இறக்கவும் உதவும் பிஜி_சிடிஎல் கருவி மூலம் சர்வரை மறுதொடக்கம் செய்தேன். அதன் பிறகும் சர்வர் 100 என்றே சொல்கிறது. எஸ்கியூஎல் வழியாக அமைப்பை மாற்றும் ஆல்டர் சிஸ்டம் கட்டளையையும் கொடுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, ஆனால் மீண்டும் மறுதொடக்கம் செய்தும் எண் மாறவில்லை. நான் திருத்திய கோப்பைத்தான் சர்வர் படிக்கிறது என்பதையும் சரிபார்த்துவிட்டேன்.

எனக்கு முன் இப்பொறுப்பில் இருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பில், இணைப்பு எண்ணிக்கை, பகிர்வு நினைவகம், போர்ட் ஆகிய மூன்றையும் சர்வரைத் தொடங்கும் கட்டளையிலேயே கொடுத்ததாக இருக்கிறது. ஆனால் நான் மறுதொடக்கம் செய்தபோது அவற்றில் எதையும் தட்டச்சு செய்யவில்லை. பிறகு எப்படிப் பழைய எண் திரும்பி வருகிறது? இப்படித் தொடங்குவதே சரியான முறைதானா?

பேரேடு:

உங்கள் சர்வர் பிழை செய்யவில்லை, சொன்னபடிதான் நடக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஓர் அமைப்பின் மதிப்பு பல இடங்களிலிருந்து வரலாம். அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. நீங்கள் கையால் திருத்தும் கோப்பு அடியில் இருக்கிறது. ஆல்டர் சிஸ்டம் எழுதும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் அதற்கு மேல் இருக்கிறது. தொடங்கும்போது கட்டளை வரியில் தந்த மதிப்பு இவை இரண்டையும் மிஞ்சும். தரவுத்தளத்துக்கோ பயனருக்கோ தனியாக அமைக்கக்கூடியவை அதற்கும் மேல் வரும். ஆனால் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல, அது சர்வர் முழுமைக்கும் ஒன்றே.

தட்டச்சு செய்யாத எண் எப்படித் திரும்பியது என்பதற்கு விடை உங்கள் தரவுக் கோப்புறையிலேயே இருக்கிறது. அங்கே போஸ்ட்மாஸ்டர்.ஆப்ட்ஸ் என்றொரு சிறு கோப்பு இருக்கும். கடைசியாக எந்தத் தெரிவுகளுடன் சர்வர் தொடங்கப்பட்டதோ அவற்றை அது வைத்திருக்கும். பிஜி_சிடிஎல் ரீஸ்டார்ட் என்று கொடுத்தால், நீங்கள் புதிய தெரிவு எதுவும் தராத நிலையில், அந்தக் கோப்பில் உள்ளதையே எடுத்து மீண்டும் கொடுத்துவிடும். முதலில் ஸ்டாப், பிறகு தனியே ஸ்டார்ட் என்று இரண்டு படியாகச் செய்தால் பழைய தெரிவுகள் வராது. பிஜி_சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் தற்போதைய தெரிவுகள் கண்முன் வந்து நிற்கும். அமைப்புகளைப் பட்டியலிடும் பிஜி_செட்டிங்ஸ் பார்வையில் (வியூ) சோர்ஸ் என்ற நிரலைப் பாருங்கள். உங்கள் இணைப்பு எண்ணிக்கைக்கு எதிரே ‘கமாண்ட் லைன்’ என்றே எழுதியிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பலர் பகிரும் சர்வரில் நிலையான அமைப்புகளைக் கட்டளை வரியில் கொடுப்பது தவறு. நீங்கள் இழந்த இந்த ஒரு மாலைப்பொழுதே அதற்குச் சான்று.

முனையவாசி:

விளக்கம் முழுவதும் சரி. தீர்ப்போடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே நடந்த தவறு கட்டளை வரியைப் பயன்படுத்தியது அல்ல, அந்தக் கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் வைக்காமல் யாரோ முனையத்தில் அடித்துவிட்டுப் போனதுதான்.

தொடங்கும் கட்டளை ஒரு ஸ்கிரிப்டில் இருந்து, அந்த ஸ்கிரிப்ட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இருந்தால், இந்தச் சர்வர் இயல்புநிலையிலிருந்து எந்த மூன்று விஷயங்களில் விலகுகிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸின் மாதிரி அமைப்புக் கோப்போ நூற்றுக்கணக்கான வரிகள் கொண்டது, அவற்றில் பெரும்பாலானவை கருத்துரையாக அடைக்கப்பட்டவை. அதில் எந்த வரியை யார் எப்போது திறந்தார்கள் என்று தேடுவதும் ஒரு மாலைப்பொழுதைத் தின்னக்கூடியதே. ஒரே இயந்திரத்தில் 5432, 5433, 5434 என்று மூன்று சர்வர்களை ஓட்டும் என் போன்றவர்களுக்குப் போர்ட்டையும் தரவுக் கோப்புறையையும் கட்டளையில் தருவதைவிடத் தெளிவான வழி இல்லை. கன்டெய்னர்களில் போஸ்ட்கிரெஸை ஓட்டுபவர்களும் அதிகாரபூர்வ இமேஜுக்குப் பின்னால் ‘-சி’ தெரிவுகளைச் சேர்த்தே அமைப்புகளைக் கொடுக்கிறார்கள்; அந்த இமேஜின் ஆவணமே அவ்வழியைச் சொல்கிறது.

மேலும், மறுதொடக்கம் பழைய தெரிவுகளை நினைவில் வைத்திருப்பது ஒரு வசதி. அப்படி இல்லாவிட்டால் நள்ளிரவில் மறுதொடக்கம் செய்யும் ஒருவர் போர்ட் எண்ணைச் சேர்க்க மறந்து, எல்லாருடைய இணைப்பையும் உடைத்துவிடுவார்.

பேரேடு:

ஸ்கிரிப்டில் எழுதி, கிட்டிலும் வைத்திருந்த ஓரிடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், அதன் பிறகு தீர்ப்பைப் பேசலாம். முதன்மை சர்வரின் இணைப்பு எண்ணிக்கை கட்டளை வரியில் 300 என்று தரப்பட்டிருந்தது. பிஜி_பேஸ்பேக்கப் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு, முதன்மை விழுந்தால் அதன் இடத்தில் நிற்க ஒரு துணை சர்வர் உருவாக்கினேன். அந்தக் கருவி தரவுக் கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்புகளை நகலெடுக்கும், போஸ்ட்மாஸ்டர்.ஆப்ட்ஸைத் தவிர்த்துவிடும். துணை சர்வர் கோப்பில் இருந்த 100ஐப் படித்தது. முதன்மையில் உள்ளதைவிடக் குறைந்த எண்ணுடன் துணை சர்வர் வினவல்களுக்குத் திறக்காது என்பது போஸ்ட்கிரெஸின் விதி. ஆகவே அது தொடங்க மறுத்து நின்றது. லாக்கில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் தப்பித்தேன். இதே கோளாறு, முதன்மை விழுந்து துணையை அவசரமாக எழுப்ப வேண்டிய வேளையில் தெரியவந்திருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அமைப்பு கோப்பில் இருந்திருந்தால் தரவோடு சேர்ந்தே பயணித்திருக்கும்.

இன்னொன்று, பல பயனர்கள் உள்ளே வந்துபோகும் இயந்திரத்தில் இது சிறிய விஷயமல்ல. கட்டளை வரியில் தந்த எதையும், ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைக் கொடுக்கும் எவரும் பார்க்கலாம். துணை சர்வர் முதன்மையோடு இணையும் விவரங்களைத் தாங்கும் பிரைமரி_கான்இன்ஃபோ, பதிப்பு 12 முதல் ஒரு சாதாரண அமைப்பாகிவிட்டது. அதைக் கட்டளை வரியில் கொடுப்பவர் அதற்குள் இருக்கும் கடவுச்சொல்லையும் சேர்த்து ஊருக்கே காட்டுகிறார்.

முனையத்தில் கையால் தொடங்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும் இயந்திரத்தில், சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றிலிருந்து சர்வரைத் தொடங்கிவிட்டு அந்தப் பயனர் முற்றாக வெளியேறினால், ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும் பட்சத்தில், சர்வர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பகிர்வு நினைவகப் பொருட்களையே சிஸ்டம்டி துடைத்துவிடக்கூடும். சிஸ்டம் கணக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

சாவிக்கொத்து:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் இணைப்பு எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். முன்னவர் சர்வரைக் கட்டளை வரியில் தொடங்கினார் என்றால், தரவுக் கோப்புறையையும் இனிட்டிபி கட்டளை கொடுத்துக் கையாலேயே உருவாக்கியிருப்பார். அதில் உள்நுழைவு முறையைக் குறிக்கும் ‘-ஏ’ தெரிவைத் தந்தாரா என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி.

அதைத் தராவிட்டால், உள்ளூர் இணைப்புகளுக்கு இனிட்டிபி ‘டிரஸ்ட்’ முறையை எழுதிவைக்கும். அதாவது, அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கடவுச்சொல் இல்லாமல், எந்தத் தரவுத்தளப் பயனரின் பெயரிலும், நிர்வாகியின் பெயரிலும்கூட உள்ளே வரலாம். இனிட்டிபி இதை எச்சரிக்கவும் செய்கிறது, ஆனால் முடிவில் வரும் அந்த வரிகளை யாரும் நின்று படிப்பதில்லை. தனி ஆளின் மடிக்கணினியில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. பதினைந்து பேர் உள்நுழையும் இயந்திரத்தில் பதினைந்து பேரும் தரவுத்தள நிர்வாகிகள் என்று பொருள்.

இரவுப்பணி அவர்களே, யார் எந்த முறையில் உள்ளே வரலாம் என்பதை வைத்திருக்கும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பை இன்றே திறந்து பாருங்கள். அதன் வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தும் வரியோடு முடிவு எழுதப்பட்டுவிடும், அதில் தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. எனவே மேலே ஒரு டிரஸ்ட் வரி இருந்தால் கீழே எவ்வளவு கடுமையாக எழுதினாலும் பயனில்லை. அதே இயந்திரத்துக்குள் யூனிக்ஸ் சாக்கெட் வழி வருபவர்களுக்கு, இயந்திரக் கணக்கின் பெயரைச் சரிபார்க்கும் ‘பியர்’, பிணையம் வழி வருபவர்களுக்குக் கடவுச்சொல் கேட்கும் ‘ஸ்கிராம்-ஷா-256’ என்று மாற்றுங்கள். அதற்கு முன் எல்லாருக்கும் கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் பார்வையில் எரர் நிரல் வெறுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, சர்வரை நிறுத்தாமலே கோப்பை மீண்டும் படிக்கச் செய்யும் ரீலோடு கொடுங்கள். கோப்பில் பிழை இருந்தால் ரீலோடின்போது சர்வர் பழைய விதிகளையே வைத்துக்கொண்டு ஓடும். ஆனால் அதே பிழையோடு மறுதொடக்கம் செய்தால் எழுந்திருக்காது.

முனையவாசி:

சாவிக்கொத்து சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். பேரேடு சொன்ன துணை சர்வர் நிகழ்வும் என்னை யோசிக்க வைத்தது. துணை சர்வரோடு ஒத்திருக்க வேண்டிய அமைப்புகள் கோப்பில்தான் இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் ஸ்கிரிப்டிலிருந்து அவற்றை எடுத்துவிடப் போகிறேன். கடவுச்சொல்லை நான் ஒருபோதும் கட்டளையில் தந்ததில்லை, அங்கே நமக்குள் சண்டையே இல்லை.

ஆனால் கட்டளை வரிக்கே உரிய வேலைகள் இருக்கின்றன. யாரோ ஆல்டர் சிஸ்டம் கொடுத்து, பகிர்வு நினைவகத்துக்கான ஷேர்டு_பஃபர்ஸ் அளவை இயந்திரத்தின் நினைவகத்தைவிடப் பெரிதாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்தால் சர்வர் எழாது. எழாத சர்வரில் ஆல்டர் சிஸ்டம் ரீசெட் கொடுக்கவும் முடியாது. அப்போது கட்டளை வரியில் 128 எம்பி என்று தந்து எழுப்பி, உள்ளே போய்ப் பிழையைத் திருத்தி, இறக்கி, தெரிவு இல்லாமல் மீண்டும் ஏற்றலாம். கட்டளை வரி எல்லாக் கோப்புகளையும் மிஞ்சும் என்று நீங்கள் குறைசொன்ன அதே பண்புதான் இங்கே கைகொடுக்கிறது. பராமரிப்பின்போது வெளியார் எவரும் வராதிருக்க, சர்வர் கேட்கும் பிணைய முகவரிகளான லிசன்_அட்ரஸஸை வெறுமையாகத் தந்து, சாக்கெட் வழி மட்டும் திறந்து வேலைபார்ப்பதும் அப்படித்தான். ஏற்றுவதற்கு முன் போஸ்ட்கிரெஸ் கட்டளைக்குப் பெரிய ‘சி’ தெரிவைத் தந்து, எந்த மதிப்பை எடுத்துக்கொள்ளப்போகிறது என்று கேட்டுக்கொள்ளவும் முடியும்.

கோப்பு, கோப்பு என்று சொல்லும்போது எந்தக் கோப்பு என்பதையும் சொல்லுங்கள். 2014இல் 9.4 பதிப்போடு ஆல்டர் சிஸ்டம் வந்த நாளிலிருந்து அமைப்புகள் இரண்டு கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் கான்ஃப் கோப்பில் திருத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் எஸ்கியூஎல் வழியாக எழுதியது அதை மறைத்துக்கொண்டிருக்கும். இரவுப்பணி அடைந்த அதே குழப்பம் கட்டளை வரியே இல்லாமலும் வரும்.

பேரேடு:

அவசரத்துக்குக் கட்டளை வரி என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். நான் ‘நிலையான அமைப்புகள்’ என்று சொன்னதும் அதற்காகத்தான். ஒரே ஒரு நிபந்தனை: வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. நிறுத்திவிட்டுத் தனியே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிகமாகத் தந்த 128 எம்பி நிரந்தரமாகிவிடும்.

இரண்டு கோப்புகள் பற்றிய குறை நியாயமானது, ஆனால் ஒப்பீடு சரியில்லை. ஆட்டோ.கான்ஃப் மறைத்தால், பிஜி_செட்டிங்ஸ் பார்வை எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது வரை சொல்லும். ஒரு ரீசெட்டும், தேவைக்கேற்ப ரீலோடோ மறுதொடக்கமோ போதும். கட்டளை வரி மறைத்தால் ‘கமாண்ட் லைன்’ என்பதோடு விவரம் நின்றுவிடும், யார் தந்தது என்பதை ஆள் தேடித்தான் அறிய வேண்டும். கோப்பு வழி மட்டுமே போதும் என்று கருதும் குழு 17ஆம் பதிப்பில் வந்த அலவ்_ஆல்டர்_சிஸ்டம் அமைப்பை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணிக்கு ஒரு வார்த்தை. 250 என்ற எண் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸை உருவாக்குகிறது. வினவல் வேலைக்கான நினைவக அளவான ஒர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. ஆனால் அது ஓர் இணைப்புக்கான வரம்பு அல்ல, ஒரு வினவலுக்குள் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு படியும் அந்த அளவை எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து பேருக்கு 100 இணைப்புகள் போதவில்லை என்றால், பெரும்பாலானவை திறந்துவைத்து மறந்தவையாகவே இருக்கும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பார்வையில் ‘ஐடில்’, அதாவது வேலையின்றிச் சும்மா, என்று எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள்.

முனையவாசி:

போர்ட் எண்ணை மட்டும் நான் கட்டளையில்தான் தொடர்ந்து தருவேன். மூன்று சர்வர்களில் எது எந்தப் போர்ட்டில் நிற்கிறது என்பது பிஎஸ் வெளியீட்டில் ஒரே பார்வையில் தெரிவது எனக்கு அன்றாடம் பயன்படுகிறது.

இரவுப்பணி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்டேட்டஸ் கொடுத்தபோது நீங்கள் சொன்னபடியே மூன்று பழைய தெரிவுகளும் வரிசையாக வந்தன. போர்ட்டையும் பகிர்வு நினைவகத்தையும் முதலில் கோப்பில் எழுதிவிட்டு, நிறுத்தி, தெரிவு எதுவும் இல்லாமல் தொடங்கினேன். இப்போது எல்லா மதிப்புகளும் கோப்பிலிருந்தே வருகின்றன. ஆல்டர் சிஸ்டம் மூலம் நான் எழுதியதையும் ரீசெட் செய்துவிட்டேன். பிஜி_எச்பிஏவில் சாவிக்கொத்து அஞ்சியதுபோலவே முதல் மூன்று வரிகளும் டிரஸ்ட். கடவுச்சொல் இல்லாத நான்கு பயனர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமைத்துக் கொடுத்த பிறகு இன்றிரவே மாற்றிவிடுவேன்.

இணைப்புகளை எண்ணினேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு நான்கு மணி நேரத்தில் 71 இணைப்புகள், அவற்றில் 58 ஐடில். எல்லாம் ஒரே அறிக்கைக் கருவியிலிருந்து வருகின்றன. 250ஐ மீண்டும் 100 ஆக்கிவிட்டு, அந்தக் கருவியின் இணைப்புகளை மூடும் வழியைத் தேடப் போகிறேன்.