இராமநாதபுரம் கடற்கரை நெல்வயலுக்கு உயிர்க்கரி: மீத்தேன் குறையுமா, மூட்டத்திலேயே கூடிவிடுமா?

ஆயக்கட்டு_திருவாடானை:
நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் அதை வெட்டி, மூட்டம் போட்டு, அதாவது அடுக்கி மண்ணால் மூடிப் புகையவிட்டு, கரியாக்கி வெளியூருக்கு ஏற்றுவது பல குடும்பங்களின் பிழைப்பு. அந்தக் கரியில் ஒரு பகுதியையாவது பொடித்து நம் நெல்வயல்களில் இட வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீர் நிற்கும் வயலில் காற்றுப் புகாத சேற்றுக்குள் மீத்தேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அந்த வாயுவின் பெரும்பகுதி பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது. பயோசார் எனப்படும் உயிர்க்கரியை மண்ணில் கலந்தால், அதன் நுண்துளைகள் மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கின்றன என்று பல வயல் ஆய்வுகள் காட்டியுள்ளன. நூறாண்டுக் கணக்கில், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், கொஞ்சம் குறைந்தாலும் அது பெரிய லாபமே. எக்டேருக்கு 10 டன் இட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கடலாடி_மானாவாரி:
அண்ணனின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு விதமாக வருகிறது. தஞ்சைப் படுகையைப் போல நம் வயலில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்பதில்லை. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் பூமி இது. நாடுகளின் வாயுக் கணக்கெடுப்புக்காக, ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், எப்போதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், வறட்சிக்கு ஆட்படும் மானாவாரி வயலுக்கு 0.16 மட்டுமே தரப்பட்டுள்ளது. தெற்காசியாவுக்கான அடிப்படை அளவு ஒரு எக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிருக்குக் கணக்கிட்டால் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 15 கிலோதான் வருகிறது.

மூட்டத்தின் பக்கத்தையும் பாருங்கள். கென்யாவிலும் பிரேசிலிலும் கரி உலைகளை அளந்து 2001இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ கரி உருவாகும்போது 32 முதல் 62 கிராம் வரை மீத்தேன் வெளியேறுவதாகச் சொல்கிறது. மண்ணால் மூடிப் புகையவிடும் நம் மூட்டமும் ஏறக்குறைய அதே முறைதான். அப்படியானால் நீங்கள் சொல்லும் 10 டன் கரிக்குக் குறைந்தது 320 கிலோ மீத்தேன் காற்றில் கலந்திருக்கும். என் வயல் இருபது பருவங்களுக்கு மேலாக வெளியிடக்கூடிய மொத்த மீத்தேனையும் ஒரே மூட்டத்தில் வெளியிட்டுவிட்டு, வயலில் மீத்தேனைக் குறைத்தோம் என்று சொல்வது நியாயமாகாது. போதாததற்குக் கடலோர உவர் மண்ணில் சல்பேட் மிகுதி. சல்பேட்டை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் ஆக்குபவற்றின் உணவை முன்னதாகவே பறித்துக்கொள்வதால் அங்கே மீத்தேன் இன்னும் குறைவு.

ஆயக்கட்டு_திருவாடானை:
தம்பி, கடலாடிக் கணக்கை மாவட்டம் முழுவதற்கும் விரிக்க வேண்டாம். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயின் கீழும், எங்கள் திருவாடானைப் பக்கத்துப் பள்ளக்கால் வயல்களிலும், நல்ல மழை ஆண்டில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தண்ணீர் நிற்கிறது. அதே வழிகாட்டியில் மழை ஒழுங்காகக் கிடைக்கும் மானாவாரிக்கு 0.54 என்று இருக்கிறது. அதன்படி பருவத்துக்கு 50 கிலோ வரும்.

மூட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரியான கேள்வி. ஆனால் மூட்டம் ஒன்றே வழியன்று. கூம்பு வடிவில் குழி வெட்டி, அடியில் தீ மூட்டி, சுள்ளிகளை மெல்லிய அடுக்குகளாகப் போட்டுக்கொண்டே வந்தால், மேலே எரியும் தீச்சுவாலை கீழிருந்து எழும் வாயுக்களையும் சேர்த்து எரித்துவிடுகிறது. காய்ந்த விறகாக இருந்தால் புகையும் மீத்தேனும் மிகவும் குறையும். கரி வியாபாரிக்கு வேண்டியது தூரும் தடித்த கட்டையும்தான்; வெட்டிய இடத்தில் கிடக்கும் முள்ளும் கிளையும் வெட்டவெளியில் கொளுத்தப்படுகின்றன அல்லது மக்கிப் போகின்றன. குழிக்கு ஏற்றவை அவைதான். அந்தக் கரியில் உள்ள கார்பனில் பெரும்பகுதி நூறாண்டுக்கு மேல் மண்ணில் தங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மண்ணியல்_மாணவி_பரமக்குடி:
இருவருமே மீத்தேனைச் சுற்றி வாதிடுவதால் வேறொரு வாயு விடுபட்டுப் போகிறது. மழை பெய்து வயல் நனைவதும், இரண்டு வாரம் காய்வதும், மறுபடி நனைவதும், இடையில் ஈரம் கண்டதும் யூரியாவை வீசுவதும் நம் பகுதியின் வழக்கம். இந்த நனைதல் காய்தல் மாற்றத்தில்தான் நைட்ரஸ் ஆக்சைடு அதிகம் கிளம்புகிறது. அதன் ஒரு கிலோ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

சீனாவின் தைஹு ஏரிச் சமவெளியில் எக்டேருக்கு 40 டன் கோதுமைத் தாள் கரி இட்டு 2010இல் வெளியிட்ட முடிவு நமக்கு நல்ல பாடம். அங்கே மீத்தேன் குறையவில்லை. 34 முதல் 41 விழுக்காடு வரை கூடியது. ஆனால் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமிட்ட வயல்களில் நைட்ரஸ் ஆக்சைடு 40 முதல் 51 விழுக்காடு குறைந்தது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2016இல் வந்த கட்டுரை, மீத்தேன் குறைவது நீர் நிற்கும் வயல்களிலும் அமில மண்ணிலும்தான் தெளிவாகத் தெரிவதாகக் கூறுகிறது. நம் மண்ணோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஆகவே இங்கே உயிர்க்கரிக்கு ஆதரவாகப் பேச வேண்டுமானால் நைட்ரஸ் ஆக்சைடையும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் திறனையும், மண்ணில் தங்கும் கார்பனையும் முன்வைத்துப் பேச வேண்டும். மீத்தேனை முன்வைத்தால் வாதம் நிற்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருவேலக் கரியே காரமானது. கார மண்ணில் அதையும் இட்டு, மேலாக யூரியாவையும் வீசினால், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும் அளவு கூடலாம். யூரியாவை மண்ணுக்குள் போகும்படி இட்டால்தான் பயன்.

கடலாடி_மானாவாரி:
தங்கை சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் என் எதிர்ப்பு தீரவில்லை. குழிக்கரியைத் தண்ணீர் ஊற்றித்தான் அணைக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அந்த நீரை உறிஞ்சிய கரியை வயலில் கொட்டுவது, களரை நீக்க ஜிப்சம் வாங்கிப் போடுகிறவனின் வயலுக்கு நாமே உப்பைச் சுமந்து செல்வதாகும்.

கரி யாருடைய செலவில் வரும் என்பதும் முக்கியம். மழை பொய்த்தால் கதிர் வராமல் பயிர் கருகிப்போகும் ஊரில், எக்டேருக்கு 10 டன்னை வெட்டி, எரித்து, பொடித்து, சுமந்து பரப்பும் கூலியை எந்தச் சம்சாரியால் கொடுக்க முடியும்? கார்பன் வரவு, அதாவது குறைத்த வாயுவுக்குப் பணம், என்று சொல்லிக்கொண்டு வரும் நிறுவனங்கள், எப்போதும் நீர் நிற்கும் வயலின் அளவை அடிப்படையாகக் காட்டி மீத்தேன் குறைப்புக்குப் பணம் தருவதாகப் பேசினால், அது நம் வயலில் இல்லாத வாயுவுக்கு விலை பேசுவதாகும். பின்னால் யாராவது அளந்து பார்க்கும்போது பொய் சொன்ன பழி விவசாயி தலையில் விழும். எங்களுக்கு அறுவடைக்குப் பிறகு ஆடு மேய்க்கும் கீதாரிகளை அழைத்து, வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை போடுவதே கட்டுப்படியாகிறது.

ஆயக்கட்டு_திருவாடானை:
கிடையைக் கைவிட யாரும் சொல்லவில்லை. கரியையும் கிடையையும் ஒரே வயலில் சேர்த்துப் பார்ப்பது நல்லதென்றே நினைக்கிறேன், ஏனெனில் ஆட்டுப் புழுக்கையிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் வரும் தழைச்சத்தைக் கரி பிடித்து வைக்கக்கூடும். உப்புத் தண்ணீர் பற்றிய கேள்விக்கு விடை உண்டு: மண்ணைப் போட்டு மூடியும் குழியை அணைக்கலாம், அல்லது கண்மாயில் நீர் இருக்கும் மாசி, பங்குனியில் கண்மாய் நீரை எடுத்து அணைக்கலாம்.

10 டன் என்பதை விட்டுவிடுகிறேன். என் வயலில் கால் ஏக்கரில் மட்டும், சுள்ளியிலிருந்து எடுத்த குழிக்கரியை இடுவேன். மூட்டக்கரியை வாங்க மாட்டேன். பக்கத்திலேயே கரி இல்லாத கால் ஏக்கரையும் அதே உரத்தோடு வைப்பேன். விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் இரண்டு மண்ணையும் எடுத்து, உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பார்க்கக் கொடுப்பேன். வாயுவை அளக்கும் பெட்டி நம்மிடம் இல்லை. தங்கையின் கல்லூரியில் அதற்கு வழியிருந்தால், யூரியா இட்ட மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது வந்து நைட்ரஸ் ஆக்சைடை எடுக்கச் சொல்லுங்கள்.

மண்ணியல்_மாணவி_பரமக்குடி:
கேட்டுப் பார்க்கிறேன், ஐயா. ஒரு வாரம் போதாது. வயல் காய்ந்து, அடுத்த மழையில் நனையும் நாளும் அதற்குப் பிந்தைய மூன்று நாட்களும் கட்டாயம் வேண்டும். மழை எப்போது வரும் என்று நீங்கள்தான் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

கடலாடி_மானாவாரி:
அப்படியானால் எங்கள் பக்கத்து மணற்பாங்கான உவர் வயலிலும் ஒரு துண்டு வையுங்கள். இடம் நான் தருகிறேன். திருவாடானைக் களிமண்ணில் கிடைக்கும் முடிவை வைத்துக் கடலாடிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.