பழைய ஸ்டெல்த் கேம்ஸ்: கொன்ட்ரோல் மோசமா, எங்கட கை மோசமா?

பம்பலப்பிட்டி_பையன்:
அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டெல்த், அதான் எதிரி கண்ணுல படாம ஒளிச்சுப் போற கேம்ஸ் பக்கம் வந்ததே டிஸ்ஆனர்டாலதான், பிறகு புது ஹிட்மேன் மூண்டையும் முடிச்சன். எங்கட ஒண்டுவிட்ட அண்ணா ஒராள் யூனிட்டி பிளாசால சீடி வாங்கி விளையாடின காலத்து ஆள், அவர் சும்மா இருக்காம நீ விளையாடுறதெல்லாம் ஸ்டெல்தே இல்ல, தீஃப் விளையாடிப் பார், மெட்டல் கியர் ஸ்னேக் ஈட்டர் விளையாடிப் பார் எண்டு ஒரே அரியண்டம். சரி எண்டு ரெண்டையும் போட்டன். தீஃப் பரவாயில்ல, கீயெல்லாம் மாத்தி வச்சா சமாளிக்கலாம். ஸ்னேக் ஈட்டர்தான் ஏலாமக் கிடக்கு. அது பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம், நான் பிசில எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கிற சொஃப்ட்வெயர்) போட்டு எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர்ல விளையாடுறன். காவலுக்கு நிக்கிற கார்ட் ஒருத்தன பின்னால போய்ப் பிடிச்சு விசாரிப்பம் எண்டு பாத்தா எங்கட ஆள் ஸ்னேக் ஒவ்வொருக்காவும் கழுத்த அறுத்து விடுறான். குந்திக்கொண்டு நடக்கவும் வழியில்ல, குந்திட்டு ஸ்டிக்க அசைச்சா நிலத்துல படுத்து ஊருறான். உண்மையா இது அந்தக் காலத்துல நல்ல கொன்ட்ரோலா, இல்லாட்டி எல்லாரும் சின்ன வயசு பாசத்துல சொல்றீங்களா? சண்டைக்கு கேக்கேல்ல, விளங்கத்தான் கேக்கிறன்.

கொட்டாஞ்சேனை_கிங்:
தம்பி, கழுத்து அறுபடுறது கேம்ட பிழை இல்ல, உங்கட கையில இருக்கிற கொன்ட்ரோலர்ட வேல. பிஎஸ்2க்கு வந்த டூவல்ஷொக் 2 கொன்ட்ரோலர்ட பட்டன் எவ்வளவு இறுக்கி அழுத்துறம் எண்டதையே அளக்கும். ஸ்னேக் ஈட்டர் செஞ்சதே அத நம்பித்தான். சேர்க்கிள் பட்டன மெல்லமா அழுத்திப் பிடிச்சா ஆளப் பிடிச்சு வச்சிருப்பான், இறுக்கினா கத்தி இழுபடும். எக்ஸ்பொக்ஸ் பட்டனுக்கு அழுத்தினது, அழுத்தாதது, இந்த ரெண்டும்தான் தெரியும், அதால ஒவ்வொரு தரமும் முழுப் பலத்தோட அழுத்தின கணக்குத்தான் கேமுக்குப் போகுது.

உங்கட எமுலேட்டர் பிசிஎஸ்எக்ஸ்2 எண்டா கொன்ட்ரோலர் செட்டிங்ல பிரஷர் மொடிஃபையர் எண்டு ஒண்டு இருக்கு பாருங்க. அத சும்மா கிடக்கிற ஒரு பட்டனுக்கு குடுத்துட்டு, அதையும் பிடிச்சுக்கொண்டு சேர்க்கிள அழுத்துங்க. பிடிச்ச பிறகு எல்3 (இடது ஸ்டிக்க உள்ளுக்கு அழுத்துறது), அவன் கதைப்பான்.

2001ல வந்த ரெண்டாவது மெட்டல் கியர்லயும் இதே விளையாட்டுத்தான். ஸ்கொயர அழுத்தி துவக்க நீட்டினா பின்னால நிண்டவன் கையத் தூக்கிடுவான், தலைக்கு நேர பிடிச்சு வெருட்டினா அவன்ட டோக் டேக் (கழுத்துல போடுற பேர்த் தகடு) விழும். சரி சுடாம துவக்க இறக்குவம் எண்டா விரல மெல்ல்ல்ல எடுக்கோணும், டக்கெண்டு எடுத்தா வெடிச்சிடும். எனக்கு அந்த விரல் நடுக்கம் இருக்கே, அது இப்ப வாற எந்தக் கேம்லயும் இல்ல.

குந்தி நடக்கிறது ஒரிஜினல்ல இல்லவே இல்ல, 2012 3டிஎஸ் வெர்ஷன்லதான் சேத்தவங்க. பழசுல சத்தமில்லாம கிட்டப் போக ஸ்டிக்க விட்டுட்டு டி-பேட்ட (சிலுவை மாதிரி இருக்கிற திசைப் பட்டன) அழுத்தோணும். யாரும் சொல்லித் தராட்டி தெரிய வராது, அது உண்மை.

மெதுநடை:
கிங் சொன்னது எல்லாம் சரி, ஆனா எல்லாத்துக்கும் முட்டுக் குடுக்கத் தேவையில்ல. 2004 ஸ்னேக் ஈட்டர்ட கெமரா மேல இருந்து பாக்கும், காடு முழுக்க எதிரி, எங்க நிக்கிறான் எண்டு பாக்க ஒவ்வொருக்காவும் நிண்டு ஃபர்ஸ்ட் பேர்சனுக்கு (ஸ்னேக்ட கண்ணால பாக்கிற மாதிரி) போகோணும். எதிரி நிக்கிற இடத்தக் காட்டுற ரேடார் இருந்த காலத்துக் கெமராவ ரேடார் இல்லாத காட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சிட்டாங்க. அதே கேம்ட பிறகு வந்த சப்சிஸ்டன்ஸ் பதிப்புல சுத்திப் பாக்கிற கெமரா குடுத்ததே அதாலதான், ஆனபடியால் விளையாடுறதெண்டா அத எடுங்க. 2025ல அதையே புதுசாச் செஞ்ச டெல்டால புது ஸ்டைல், பழைய ஸ்டைல் எண்டு ரெண்டையும் வச்சிருக்கு. பழசு அவ்வளவு திறமெண்டா புதுசு ஏன்?

நான் பிரிக்கிறது இப்பிடி. எவ்வளவு வேகமா போறம், எவ்வளவு சத்தம் போடுறம் எண்டத விரலால கூட்டிக் குறைக்க விட்ட கேம் எல்லாம் இண்டைக்கும் நிக்குது. ஸ்ப்ளின்டர் செல் பிசி வெர்ஷன்ல மவுஸ் வீல உருட்டினா நடை வேகம் கூடும் குறையும். கீபோர்ட்ல கீ ஒண்டு அழுத்தினா ஓட்டம், விட்டா நிப்பு, நடுவுல ஒண்டும் இல்லையே, அதுக்கு 2003லயே கண்டு பிடிச்ச மருந்து. அதே தொடர்ல 2005ல வந்த கேயாஸ் தியரில சத்தத்துக்கும் மீட்டர் வந்திட்டுது, சுத்திவர எவ்வளவு சத்தம் எண்டு ஒரு கோடு காட்டும், அதுக்குக் கீழ நீங்க இருந்தா கார்ட் காது குடுக்க மாட்டான். மழை பெய்யிற இடத்துல ரெண்டு க்ளிக் கூட்டி நடக்கலாம், உள்ளுக்கு வந்த உடன குறைக்கோணும். இவ்வளவு துல்லியம் இப்ப எங்க இருக்கு சொல்லுங்க.

மற்றப் பக்கம் பாத்தா ஐஜிஐ எண்ட பழைய கேம். அத எல்லாரும் கும்பிடுறம், ஆனா மிஷன் நடுவுல சேவ் இல்லாம, அந்தக் காலத்துக் கரண்ட் கட்டுக்குள்ள… கதைக்க வேணாம்.

ரோல்ஸ்_அக்கா:
தம்பி "தீஃப் பரவாயில்ல" எண்டு ஒரு வரில தாண்டிப் போயிட்டார், எனக்கு நெஞ்சு வெடிக்குது 😭

1998 கேம். இண்டைக்கும் கீய மாத்தினா போதும் எண்டு நீங்களே சொல்றீங்களே, அதுக்கு மேல என்ன வேணும்? கார்பெட்ல நடந்தா சத்தமே வராது, டைல்ஸ்ல காலத் தூக்கி வச்சாலே மாளிகை முழுக்க கேக்கும். அதால நீங்க கார்ட்டப் பாக்க முதல் நிலத்தப் பாப்பீங்க. டைல்ஸ் நீளமா கிடந்தா மொஸ் அம்பு ஒண்ட அடிச்சு பாசி விரிச்சிட்டு அதுல நடக்கலாம். கதவுல சாஞ்சு நிண்டா உள்ளுக்குக் கதைக்கிறது கேக்கும். இதுக்கெல்லாம் "இங்க பட்டன அழுத்து" எண்டு ஸ்க்ரீன்ல எழுதி வராது.

பிறகு 2014ல புதுசாச் செஞ்சாங்க. கை வழுக்கிக்கொண்டு போகுது, அவ்வளவு ஸ்மூத். ஆனா நினைச்ச இடத்துல பாய ஏலாது, கேம் விட்ட இடத்துலதான் பாயலாம். கயிறு அம்பும் அப்பிடித்தான், அவங்க குறிச்சு வச்ச மரத்துல மட்டும் குத்தும். பழசுல மரம் எங்க இருந்தாலும் அடிச்சுத் தொங்கலாம். எனக்கு அந்தப் பழைய கயிறுல இருந்து பாஞ்சு பல்கனிய விட்டுட்டு கீழ விழுந்து கார்ட்ட காலுக்குள்ள கிடக்கிறதே பரவாயில்ல, அது என்ட கையால விழுந்தது.

ஜிஓஜி எண்ட ஒன்லைன் கேம் கடைல தீஃப் வாங்கினா, புது பிசில ஒழுங்கா ஓட வைக்கிற நியூடார்க் பெட்சோடதான் வரும், வைட்ஸ்க்ரீன் எல்லாம் ஓகே.

கொட்டாஞ்சேனை_கிங்:
அக்கா அந்தக் கயிறு நீங்க சொல்ற அளவுக்கு நல்லா இல்ல, பாதி நேரம் பாஞ்சவன் திரும்பவும் கயிறிலயே ஒட்டிக்கொள்ளுவான். மற்றதெல்லாம் ஒத்துக்கொள்றன்.

பம்பலப்பிட்டி_பையன்:
கிங் அண்ணா நன்றி, மொடிஃபையர எல்1க்கு குடுக்கலாம் எண்டு பாத்தன் அது வேற வேலைக்கு இருக்கு, பிறகு கொன்ட்ரோலர்ட ஷேர் பட்டனுக்கு குடுத்தன், கை கோணுது ஆனா கார்ட் உயிரோட இருக்கிறான், ஒருத்தன் ரேடியோ ஃப்ரீக்குவன்சியும் சொன்னான்!! கெமராவுக்கு சப்சிஸ்டன்ஸ் தேடிக் கொண்டிருக்கிறன். அதுக்கிடையில கேயாஸ் தியரி இறக்குவமா? கொன்ட்ரோலர்ல ஓடுமா?

மெதுநடை:
இறக்குங்க. கொன்ட்ரோலர தூக்கி மேசைக்குள்ள வைங்க, பிசில அதுக்கு ஒழுங்கான சப்போர்ட் இல்ல. வைட்ஸ்க்ரீன் ஃபிக்ஸ் ஒண்டு தேடிப் போட்டுட்டு மவுஸ் கீபோர்ட்ல தொடங்குங்க, மவுஸ் வீல் க்ளிக் க்ளிக்கா நிக்கிற சாதிதானே? வழுவழு எண்டு ஓடுற வீல் எண்டா வேற மவுஸ் ஒண்டு கடன் வாங்குங்க.