வாய்ஸ் பூத் கட்டணும், ஃபோம் ஒட்டியும் சத்தம் நிக்கல – அவசர உதவி

மாடிவீட்டுக்குரல்
நண்பர்களே, ஆடியோ புத்தகம் வாசிக்கிறேன். ரூம் முழுக்க ஃபோம் ஒட்டியாச்சு, ஆனா வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வருது. அனுப்பின ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரூமுக்குள்ளேயே 4க்கு 4 அடியில பூத், அதாவது உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணச் சின்ன அடைப்பறை, அடிச்சுடலாம்னு ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன். என்ன போர்டு வாங்கணும், எத்தனை இன்ச்? அவசரம்.

செல்வம்_மிக்ஸிங்
என்ன சத்தம்னே சொல்லலையே. பஸ்ஸா, பக்கத்து வீட்டு டிவியா, மேல்மாடியில நடக்கிற சத்தமா? சொந்த வீடா வாடகையா? எந்த மாடி? என்ன மைக், வாயிலிருந்து எவ்வளவு தூரம்? ஃபைலைத் திருப்பினவங்க என்ன காரணம் எழுதினாங்க?

ரகு_கச்சேரி
சுவர்ல முட்டை அட்டை ஒட்டுங்க சார். எங்க ட்ரூப் பிராக்டிஸ் ரூம்ல பல வருஷமா அதான். செலவே இல்ல.

ஒலிக்கூடம்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்த்துட்டுக் கேட்டா நல்லது. ஃபோம் அறைக்குள்ள எதிரொலியைக் குறைக்கும், வெளியே இருந்து வர்றதைத் தடுக்காது. ஒரு இன்ச் ஃபோம் கீழ் அலைவரிசையை, அதாவது உறுமல் மாதிரி தாழ்ந்த சத்தத்தை, உறிஞ்சவும் செய்யாது. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம், அதுக்கு ஒரு இன்ச் எந்த மூலைக்கு? தடுக்கணும்னா எடை வேணும், காத்துப் போற சந்து இருக்கக் கூடாது, வெளிச்சுவரும் உள்சுவரும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. சுவரோட எடையை இரட்டிப்பாக்கினா உள்ளே வர்ற சத்தம் கணக்குப்படி 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறையும். அடிப்படை தெரியாம ஆசாரியைக் கூப்பிட்டா பணம்தான் போகும்.

மீனா_குரல்
அவர் கேட்டது உதவி, நீங்க எடுக்கிறது வகுப்பு. சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் வேண்டாமே.

மாடிவீட்டுக்குரல், 4க்கு 4 மட்டும் வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தா 140 ஹெர்ட்ஸ் பக்கத்துல, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எழுற ரெண்டு அதிர்வும் ஒண்ணு சேரும். ஆண் குரலோட அடிக்குரல் அங்கேதான் இருக்கு. டப்பாவுக்குள்ள உட்கார்ந்து பேசின மாதிரி கேட்கும், அதை எடிட்டிங்ல எடுக்கவே முடியாது. 4க்கு 6 போங்க, உள்ளே 4 இன்ச் ராக்வூல் (பாறையை உருக்கி நூலாக்கிச் செஞ்ச பஞ்சு) வைங்க. காத்துக்கு வழி வேணும். ஃபேனை நேரா வைக்காம, உள்ளே ராக்வூல் ஒட்டி வளைச்சு வளைச்சுப் போற பெட்டி வழியா இழுக்கணும். இல்லேன்னா ஒரு அத்தியாயம் முடியறதுக்குள்ள வேர்த்து, தலை வலிச்சு வெளியே வந்துடுவீங்க.

மாடிவீட்டுக்குரல்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். மதுரை, மெயின் ரோட்டு வீடு, முதல் மாடி, வாடகை. ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும்தான் பிரச்னை. பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே இருக்கணுமாம், எனக்கு -48 காட்டுது. கண்டென்சர் மைக், ஒரு அடி தள்ளி. ஜன்னல் அலுமினியம், ஸ்லைடிங்.

பொறியாளர்_திருச்சி
முதல் மாடின்னா எடையைப் பாருங்க. இந்திய தர விதிப்படி வீட்டுத் தளத்துக்கு எடுத்துக்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம். 4க்கு 6 பூத் 7 அடி உயரத்துல, ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு மட்டுமே 270 கிலோ பக்கம் வரும். பிரேம், ப்ளைவுட், கதவு, நீங்க எல்லாம் சேர்ந்தா அந்தச் சின்ன இடத்துக்கான கணக்கைத் தொட்டுடும். நடு ஹால்ல வைக்காதீங்க, பீம் ஓடுற சுவரை ஒட்டி வைங்க. வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க.

ரகு_கச்சேரி
முட்டை அட்டை எடையே இல்ல. யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறீங்க.

மீனா_குரல்
ரகு அண்ணா, எடையே இல்லாததாலதான் அது சத்தத்தைத் தடுக்காது. அதோட காய்ஞ்ச அட்டை, பத்தினா நொடியில பரவும்.

ரகு_கச்சேரி
அப்போ ஃபோம் மட்டும் எரியாதா? அதையும்தானே எல்லாரும் ஒட்டுறாங்க.

பொறியாளர்_திருச்சி
எரியும், அட்டையை விட மோசமா எரியும். 2003ல அமெரிக்காவில் ரோட் ஐலண்டுல 'தி ஸ்டேஷன்'ங்கிற இரவு விடுதி. மேடைப் பட்டாசுப் பொறி சுவர்ல ஒட்டியிருந்த ஃபோம்ல பட்டு 100 பேர் செத்தாங்க. 2013ல பிரேசில் சாந்தா மரியாவுல இன்னொரு விடுதி, அங்கேயும் கூரை ஃபோம்தான், 242 பேர். நெருப்பை விடப் புகைதான் ஆளைக் கொன்னுச்சு. ஒரே கதவு உள்ள சின்ன ரூம்ல நாலு பக்கமும் ஃபோம் ஒட்டி, அதுக்குள்ள வயரும் லைட்டும் போட்டு உட்காரவே கூடாது. ராக்வூல் எரியாது. துணி போர்த்தி வைங்க, உடம்புல அரிக்காது.

ஒலிக்கூடம்
தலைப்பு தீயணைப்பா, ஒலியா?

பொறியாளர்_திருச்சி
உள்ளே உட்காரப் போறவர் உயிரைப் பத்திப் பேசுறேன் ஐயா. தலைப்புக்குள்ளதான் இருக்கு.

செல்வம்_மிக்ஸிங்
சரி, -48க்கு வருவோம். தேவை இன்னும் 12 டெசிபல்தான், அதுக்குப் பூத்தே கட்டணும்னு இல்ல. மைக்கை ஒரு அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டு வந்தா குரல் 6 டெசிபல் ஏறும், கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அளவை) அந்த அளவு இறக்கலாம், இரைச்சலும் கூடவே இறங்கும். பாப் ஃபில்டர் (மூச்சுக் காத்து மைக்ல அடிக்காம தடுக்கிற வலை) கட்டாயம். அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை ஃபில்டர் போட்டு வெட்டிடுங்க. பஸ் உறுமல்ல பெரும்பகுதி அங்கேதான் கிடக்கு, உங்க குரலுக்கு ஒண்ணும் ஆகாது. எதுக்கும் லேப்டாப்பை பேட்டரியில போட்டு, ஃபேன், இன்வெர்ட்டர் எல்லாம் நிறுத்தி ஒரு நிமிஷம் வெறுமையா ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. எண் இறங்கினா குற்றவாளி ரோடு மட்டும் இல்ல.

பழைய_ஆசாரி
நான் தச்சு வேலைக்காரன். ஸ்லைடிங் ஜன்னலை எத்தனை கண்ணாடி போட்டாலும் அடைக்க முடியாது, ஓடுற தண்டவாளத்துல பிரஷ்தான் இருக்கு. பரப்புல நூத்துல ஒரு பங்கு சந்து இருந்தாலே, சுவர் எவ்வளவு கனமா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. வாடகை வீடு, ஜன்னலை மாத்த முடியாது. உள்பக்கத்துல ஜன்னல் அளவுக்கு 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்சது) பலகை, பின்னாடி ராக்வூல், நாலு ஓரமும் ரப்பர் பீடிங் (சந்தை அடைக்கிற விளிம்புப் பட்டை). கைப்பிடி வெச்சு அழுத்திப் பொருத்துங்க, வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க. கதவுக்கு அடியில உள்ள சந்தையும் அடைங்க. பூத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஒலிக்கூடம்
ஆசாரி சொல்றது சரி. சந்துதான் முதல்ல.

மாடிவீட்டுக்குரல்
மைக் பக்கத்துல வந்துச்சு, 80ல வெட்டியாச்சு, இன்வெர்ட்டர் ஹம்மும் இருந்துச்சு. ஜன்னல் பலகை போட்டதும் -61. பூத் வேலையை நிறுத்தி வெச்சிருக்கேன். ஃபோமைக் கழட்டிட்டேன். எல்லாருக்கும் நன்றி, வாசிக்கப் போறேன்.

மீனா_குரல்
அருமை! ஃபோம் கழட்டினதுக்கு அப்புறம் எதிரொலி எப்படி? முதுகுப் பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?

தேனி_வாசகன்
எனக்கும் இதே ஸ்லைடிங் ஜன்னல்தான். பீடிங் எத்தனை எம்எம், எந்தக் கடையில வாங்கினீங்க? பலகை எடையை ஜன்னல் சட்டம் தாங்குச்சா?