இடது முன்சக்கரத்தில் 60-க்கு மேல் கடகட சத்தம், ஓட்டலாமா?

விரகனூர்வாசி (கேள்வி):
வணக்கம். 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கி.மீ. ஓடியது. டயர் 175/65 ஆர்14. ரிங் ரோட்டில் 60-ஐத் தாண்டினால் இடது முன்சக்கரப் பக்கம் தகர டப்பாவுக்குள் போல்ட்டைப் போட்டுக் குலுக்குவதுபோல சத்தம். 80-ல் விடாமல் வருகிறது. 50-க்குக் கீழே ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் ஆடவில்லை, பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை. போன மாதம் முன்பக்க டிஸ்க் பிரேக் பேட் மாற்றினார்கள், அப்போதே டயரையும் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார்கள். வரும் ஞாயிறு குடும்பத்தோடு திருச்செந்தூர் போக வேண்டும். போகலாமா? எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மேலூர் பட்டறை:
தம்பி, வீல் நட்டைப் பாக்காம வண்டிய ரோட்டுல இறக்காதீங்க. பேட் மாத்தினாலும் டயர் மாத்தினாலும் சக்கரம் கழண்டிருக்கு, அதுக்கப்புறம்தான் சத்தம். அப்ப சந்தேகம் மொதல்ல நட்டு மேலதான்.

சக்கரம் தரையில இருக்கும்போதே பாருங்க. நட்டைச் சுத்தி துரு நிறத்துல கோடு வழிஞ்சிருக்கா, நட்டு உக்கார்ற இடம் தேஞ்சு பளபளன்னு இருக்கா? இருந்தா நட்டு ஆடியிருக்குன்னு அர்த்தம். சக்கர ரிம்முல நட்டு ஓட்டை நீள்வட்டமா ஆகியிருந்தா இறுக்கிப் பிரயோஜனம் இல்ல, அந்த ரிம்மையே மாத்தணும். இந்த சைஸ் காருக்கு நட்டு இறுக்கம் 85-லருந்து 100 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருக்கும், சரியான அளவு வண்டிக் கையேட்டுல போட்டிருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லைன்னா, 25 செ.மீ. பானா முனையில 40 கிலோ அழுத்தம் குடுத்தா கிட்டத்தட்ட 100 வரும். பானா மேல ஏறி நின்னு மிதிக்காதீங்க, நட்டு மாட்டுற ஸ்டட் இழுபட்டுடும். மரையில கிரீஸ், ஆயில் எதுவும் வேண்டாம். எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி இறுக்குங்க.

திருமங்கலத்தான்:
சஸ்பென்ஷன்ல இருக்குற சின்ன கம்பி, லிங்க் ராடு போயிருக்கும். மாத்திடுங்க, சத்தம் நின்னுடும்.

பொறியாளர், ஒத்தக்கடை:
லிங்க் ராடு என்று எனக்குத் தோன்றவில்லை. அது போனால் மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் தட்டும், அதுவும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால். வழவழப்பான ரோட்டில் 80-ல் விடாமல் சத்தம் வருவது அதன் குணம் இல்லை. நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் கடக்கும்போது மட்டும் ‘டக்’ என்றால் லிங்க் ராடையோ ஷாக் அப்சார்பரை மேலே தாங்கும் ஸ்ட்ரட் மவுன்ட்டையோ சந்தேகப்படலாம்.

நட்டு சரியாக இருந்தால் அடுத்து, ஆளில்லாத நேரான சாலையில் இதைச் செய்யுங்கள். சத்தம் வரும்போது பிரேக் மிதியில் கால் பட்டும் படாமலும், வேகம் குறையாத அளவுக்கு லேசாக அழுத்துங்கள். அந்த நொடியே சத்தம் நின்றால் பேடோ, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரோ ஆடுகிறது. பிரேக்குக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது என்றால் இடது சக்கரம் சுழலும் ஹப் பேரிங். பேரிங் பெரும்பாலும் ‘ஊம்’ என்றுதான் முனகும், கடகடக்கும் நிலை வந்துவிட்டால் முற்றிவிட்டது என்று பொருள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘கிளிக் கிளிக்’ கேட்டால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்.

சத்தத்தின் தாளத்தையும் கவனியுங்கள். உங்கள் டயரின் சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று முறை சுற்றும், 60-ல் ஒன்பது முறை. நிதானமான வேகத்தில் நொடிக்கு மூன்று தட்டு என எண்ண முடிந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: டயரில் குத்திய ஆணி, வீல் கப், நட்டு. எண்ண முடியாத கலகலப்பு என்றால் அது சுற்றாத பாகம்: பேட், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகரக் கவர், உள் மட்கார்டு பிளாஸ்டிக்.

பிறகு ஜாக்கி. சமதரை, கை பிரேக், பின்சக்கரத்துக்குக் கல், கீழே கட்டாயம் ஸ்டாண்ட். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். பக்கவாட்டில் மட்டும் என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். ஆட்டம் இருக்கும்போது ஒருவர் பிரேக்கை மிதித்து, ஆட்டம் மறைந்தால் பேரிங். மிதித்தும் மறையாவிட்டால் ஜாயின்ட்.

விரகனூர்வாசி:
பார்த்துவிட்டேன். நான்கு நட்டும் இறுக்கம், துருக் கோடு இல்லை. மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டம் இல்லை. 70-ல் பிரேக் மிதியில் காலை வைத்ததும் சத்தம் நின்றது, எடுத்ததும் உடனே வந்தது. சக்கரத்தைக் கழற்றினேன். வலது பக்கம் பேடின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் பளபளப்பான மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. இடது பக்கம் கீழே அந்தத் தகடு இல்லை. வெளிப்பக்க பேடை விரலால் தள்ளினால் ‘டக் டக்’ என்று ஆடுகிறது.

மேலூர் பட்டறை:
அதேதான். அந்தத் தகடு பேட் கிளிப். பேட் காதை, அதாவது பேடோட முனையை, பேட் உக்கார்ற பிராக்கெட்டுக்குள்ள ஸ்பிரிங் மாதிரி அழுத்திப் பிடிக்கிற வேலை அதோடது. அது இல்லைன்னா டிஸ்க் வேகமாச் சுத்துற அதிர்வுல பேட் அடிச்சுக்கிட்டே கிடக்கும். பிரேக்கை லேசா மிதிச்சா பிஸ்டன் அழுத்திப் பிடிச்சுக்கும், சத்தம் நிக்கும். பேட் மாத்தும்போது கிளிப்பைத் திருப்பிப் போடாம விட்டிருக்காங்க.

ரெண்டு பக்கமும் புது கிளிப் செட்டாவே வாங்குங்க. காலிப்பரோட கீழ் போல்ட்டைக் கழட்டி மேல தூக்குங்க. முழுசாக் கழட்டினா கம்பியால ஸ்பிரிங்ல கட்டி வைங்க, பிரேக் ஹோஸ்ல தொங்கவே கூடாது. காலிப்பர் வெளிய இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளிய வந்துரும்.

பிராக்கெட்ல கிளிப் உக்கார்ற இடத்துல துருவை வயர் பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. துரு மேலேயே கிளிப்பை மாட்டினா பேட் இறுகி, வீல் சூடாகும். பேட் காது கையால தள்ளினாலே ஓடணும், சுத்தியல் தேவைப்பட்டா எங்கயோ தப்பு. காலிப்பர் நகர்ந்து ஓடுற ரெண்டு பின்னையும் உருவிப் பாருங்க. பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி பின் பிடிச்சுக்கும். பேட் முகத்துலயும் டிஸ்க்லயும் கிரீஸ் படவே கூடாது.

காலிப்பர் பின்னோட போல்ட் சின்னது, பெரும்பாலான சின்ன காருக்கு 25-35 நியூட்டன் மீட்டர்தான். வீல் நட்டு பலத்தைப் போட்டா மரை போயிடும். பின்னால பிராக்கெட் போல்ட் ரெண்டும் இறுக்கமான்னு தொட்டுப் பாத்துருங்க.

பொறியாளர், ஒத்தக்கடை:
கிளிப் இல்லாமல் ஓடியதால் பேடையும் அளந்து பாருங்கள். பின்தகடு நீங்கலாக 3 மி.மீ.க்குக் கீழே என்றால் மாற்ற வேண்டும். உள் பேடுக்கும் வெளிப் பேடுக்கும் தடிமன் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் காலிப்பர் பின் ஓடவில்லை என்று பொருள்.

விரகனூர்வாசி:
உள் 8, வெளி 7 மி.மீ. காலிப்பர் பின் இரண்டும் கையால் ஓடுகிறது, ரப்பர் கிழியவில்லை. நன்றி அண்ணே, நன்றி சார். கிளிப் வாங்கி மாட்டப் போகிறேன்.

மேலூர் பட்டறை:
மாட்டி முடிச்சதும் வண்டிய நகத்தாம, பிரேக் மிதி கெட்டியாகுற வரைக்கும் அடிச்சுக்கோங்க. மொத மிதி கீழ வரை போகும். தெருவுல 20-ல ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சுப் பாத்துட்டு ரிங் ரோட்டுக்குப் போங்க. பத்து கி.மீ. ஓட்டி, ரெண்டு முன்சக்கரத்துக்கிட்டயும் தொடாம கையை நீட்டிப் பாருங்க. இடது மட்டும் அனலடிச்சா திரும்பக் கழட்டணும். ரெண்டும் ஒரே சூடுன்னா ஞாயித்துக்கிழமை கிளம்பலாம். கோவில்பட்டி தாண்டுறதுக்குள்ள எங்கயாச்சும் நிறுத்தி நட்டை இன்னொரு தடவை இறுக்கிடுங்க.