மறுமொழி: தரவுத்தளக் கட்டுரை – ‘ஆன்லைன் போல்’ என்பதற்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழை முழுவதையும் படித்தேன். கட்டற்ற (ஓப்பன் சோர்ஸ்) தரவுத்தளங்களின் செல்வாக்கு பற்றிய கட்டுரையில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் வருகின்றன: வலைத்தளங்கள் பொத்தான் வைத்து நடத்தும் ஓட்டு (ஆன்லைன் போல், அதாவது online poll), தரவுத்தளங்களை வரிசைப்படுத்தும் டிபி-எஞ்சின்ஸ் தளத்தின் பட்டியல், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆண்டு ஆய்வு. மூன்றுக்கும் ‘கருத்துக்கணிப்பு’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்கிற இடத்தில் வந்து நிற்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

> கருத்துக்கணிப்பு நாளிதழ் வாசகருக்கு நன்கு பழகிய சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, பழகியிருப்பதுதான் இங்கே தொல்லை. தேர்தல் நேரத்துக் கருத்துக்கணிப்பில் யாரைக் கேட்பது என்பதை நடத்துகிறவர் முடிவு செய்கிறார். வயது, ஊர், ஆண் பெண் என்று பார்த்துச் சிலரைக் கேட்டு, அதை வைத்து எல்லாருடைய மனநிலையையும் கணிக்கிறார். கணிப்பு சரியாகவும் போகலாம், தப்பாகவும் போகலாம், அது வேறு. ‘உங்களுக்குப் பிடித்த கட்டற்ற தரவுத்தளம் எது?’ என்று ஒரு தளம் ஐந்து பொத்தான்களை வைக்கும்போது யாரும் எதையும் கணிப்பதில்லை. வந்தவர்கள் அழுத்தினார்கள், எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பந்தியில் இரண்டாவது முறை சோறு கேட்டவர்களிடம் மட்டும் சமையல் எப்படி என்று விசாரிப்பது போன்றது இது. பதில் பொய்யாக இருக்காது, ஆனால் எழுந்து போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

லினக்ஸ்குவெஸ்டியன்ஸ் தளம் பல ஆண்டுகள் நடத்திய உறுப்பினர் விருப்ப விருதுகளைப் பாருங்கள். அதில் ஆண்டின் சிறந்த தரவுத்தளம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஓட்டுப் போட்டவர்கள் அந்தத் தளத்தின் உறுப்பினர்கள், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள். லினக்ஸில் 2017 வரை ஓடாத மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்துக்கு அங்கே யார் ஓட்டுப் போட்டிருப்பார்கள்? அந்த முடிவை ‘கருத்துக்கணிப்பில் தெரியவந்தது’ என்று எழுதினால், உலகமே அப்படி நினைக்கிறது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். எழுதினவர் மேல் தப்பில்லை, சொல்தான் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது.

> அப்படியே ஆன்லைன் போல் என்று வைத்துக்கொண்டால் என்ன?

தம்பி, ‘ஆன்லைன் போல் முடிவுகள்’ என்று எழுதி ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆன்லைனைப் போன்ற முடிவுகள் என்றுதான் கேட்கும்.

> இலங்கையில் வாக்கெடுப்பு என்றால் நாடாளுமன்றமும் சர்வசன வாக்கெடுப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

வெறும் ‘வாக்கெடுப்பு’ என்று வைப்பதற்கு எதிராகச் சொன்ன இதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பு, பொது வாக்கெடுப்பு என்றுதான் புழங்குகிறது. இந்த வாக்கெடுப்புகளிலெல்லாம் யாருக்கு ஓட்டு உண்டு என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும். ஆளுக்கு ஓர் ஓட்டு. முடிவுக்கு ஒரு கட்டாயமும் இருக்கும். வலைத்தளப் பொத்தானுக்கு இந்த மூன்றும் கிடையாது. ஒருவர் ஒருமுறைதான் அழுத்த வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் உலாவியில் குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பைப் போட்டு வைப்பார்கள். குக்கியை அழித்தால் மறுபடி அழுத்தலாம். தனிப்பட்ட சாளரத்தைத் திறந்தால் அழிக்கக்கூட வேண்டாம். இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துத் தடுக்கலாம் என்று போனால், ஒரே இணைப்பில் இருக்கும் கல்லூரி விடுதி முழுவதற்கும் சேர்த்து ஓர் ஓட்டுதான் விழும்.

இதற்கு மேல் கூப்பிட்டு வந்து ஓட்டுப் போட வைக்கும் வழக்கமும் இருக்கிறது. ‘இன்ன தளத்தில் ஓட்டெடுப்பு நடக்கிறது, நம் திட்டம் மூன்றாவது இடத்தில் கிடக்கிறது, எல்லாரும் போய் அழுத்துங்கள்’ என்று ஒரு மடல் வந்தால் போதும், மாலைக்குள் வரிசை மாறிவிடும். சிறிய, கட்டுக்கோப்பான குழுக்கள்தான் இதில் கெட்டி. ஃபயர்பேர்ட் தரவுத்தளக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். போர்லாண்ட் நிறுவனம் 2000-இல் இன்டர்பேஸ் என்ற தன் தரவுத்தளத்தின் மூலநிரலைத் திறந்துவிட்டபோது அதிலிருந்து கிளைத்த திட்டம் அது. 2003 ஏப்ரலில் மோசில்லா தன் ஃபீனிக்ஸ் உலாவிக்கு ஃபயர்பேர்ட் என்று பெயர் மாற்றியதும் இவர்கள் கொதித்துப்போய் மின்னஞ்சல்களாலும் மன்றப் பதிவுகளாலும் மோசில்லாவைத் திணறடித்தார்கள். 2004 பிப்ரவரியில் அந்த உலாவி ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. அவ்வளவு குரல் எழுப்பத் தெரிந்த ஒரு கூட்டம் பொத்தான் ஓட்டில் தன் எண்ணிக்கையைவிடப் பெரிதாகத் தெரிவது இயல்பு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தியவர்களில் பாதிப் பேருக்கு அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே தெரிந்திருக்காது; வலைத்தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவும்போது கூடவே வந்திருக்கும். அவர்கள் எங்கே ஓட்டுப் போட வரப் போகிறார்கள்?

ஆகவே என் பரிந்துரை ‘வந்தோர் வாக்கெடுப்பு’. முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘வந்தோர் வாக்கு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். யார் வந்தார்களோ அவர்களுடைய வாக்கு. வராதவர்களைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. ‘இணைய வாக்கெடுப்பு’ என்று முன்பு ஒருவர் சொன்னது மோசமில்லை. ஆனால் எஸ்டோனியாவில் 2005 முதல் தேர்தல் வாக்கையே இணையத்தில் போடுகிறார்கள். அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

> ஆட்களைத் திரட்டி அழுத்த வைப்பதற்கும் ஒரு சொல் வேண்டுமே. ‘வாக்குத் திணிப்பு’?

வேண்டாம். கள்ள ஓட்டு என்று அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. இலங்கையில் கள்ள வாக்கு. நிரல் எழுதி ஆயிரம் தடவை அழுத்த வைத்தால் அது கள்ள ஓட்டுதான், அதற்கு மரியாதையான பெயர் எதற்கு? மடல் போட்டு உண்மையான ஆட்களை வரவழைப்பது ஓட்டுக் கேட்பது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஓட்டுக் கேட்டவரைக் கள்ள ஓட்டுப் போட்டவர் ஆக்கிவிடுவோம்.

அடுத்தது டிபி-எஞ்சின்ஸ். கட்டுரையின் முதல் வரைவில் ‘தரவுத்தளத் தரவரிசை’ என்று இருக்கிறது. தரவும் தரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, தரவுகளை வரிசைப்படுத்துவது போலப் படிக்கத் தோன்றுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் தரவரிசையில் ‘தரம்’ உட்கார்ந்திருக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த சாலிட் ஐடி நிறுவனம் 2012-இல் தொடங்கி, மாதந்தோறும் வெளிவரும் அந்தப் பட்டியல் தரத்தை அளக்கவில்லை. தேடுபொறிகளில் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, கூகுள் டிரெண்ட்ஸில் எவ்வளவு தேடுகிறார்கள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எத்தனை கேள்விகள், வேலை விளம்பரங்களிலும் லிங்க்ட்இன் பக்கங்களிலும் எத்தனை முறை பெயர் அடிபடுகிறது என்பனவற்றைக் கலந்து அது கணக்குப் போடுகிறது. எத்தனை இடத்தில் நிறுவியிருக்கிறார்கள் என்பதை அளக்கவில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஐபோனிலும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பட்டியலில் அது பத்தாம் இடத்தை ஒட்டித்தான் பல ஆண்டுகளாக நிற்கிறது. சத்தமில்லாமல் வேலை செய்கிற பொருளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பேச்சைத்தான் எண்ணுகிறார்கள் என்பதால் ‘பேச்சு வரிசை’ என்று முதலில் நினைத்தேன். அது கொச்சையாக இருக்கிறது என்றால் ‘செல்வாக்கு வரிசை’ போதும். தலைவர்களின் செல்வாக்கு கூடியது, சரிந்தது என்று அன்றாடம் எழுதுகிறோம். நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு அதில் இல்லை. அவர்கள் ஆண்டின் தரவுத்தளம் என்று அறிவிப்பதும் அந்த ஆண்டில் செல்வாக்கு மிக அதிகமாகக் கூடியதைத்தான், முதலிடத்தில் இருப்பதை அல்ல. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் 2017, 2018, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பெயரை வாங்கியது. அந்த அறிவிப்புகள் வந்தபோதெல்லாம் வரிசையில் அதற்கு நான்காம் இடம்தான். மேலே ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர். கட்டுரையில் இந்த இடம் குழம்பியிருக்கிறது, திருத்த வேண்டும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆண்டு ஆய்வைக் ‘கருத்தாய்வு’ என்றே விட்டுவிடலாம். அதிலும் விரும்பி வந்தவர்கள்தான் பதில் சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது நீண்ட வினாப்பட்டியல். கடந்த ஓராண்டில் எவற்றில் வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், ஒன்றுக்கு மேல் குறிக்கலாம், திரட்டிய விடைகளையும் வெளியிடுகிறார்கள். 2023-இல் சுமார் 90,000 பேர் பதில் சொன்னதில் போஸ்ட்கிரஸ் மைஎஸ்க்யூஎல்லை முந்தியது. அதே ஆண்டு செல்வாக்கு வரிசையில் மைஎஸ்க்யூஎல் இரண்டாம் இடத்திலேயே இருந்தது. இந்த இரண்டு முடிவையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, அடுத்த பத்தியில் ஏன் முரண்படுகின்றன என்று விளக்கம் எழுதுவது வீண்வேலை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. டிபி-எஞ்சின்ஸ் தரும் ஸ்கோரை வரைவில் ‘மதிப்பெண்’ என்று போட்டிருக்கிறது. மதிப்பெண் என்றதும் நம்மவர்கள் ‘எத்தனைக்கு?’ என்று கேட்பார்கள். ஆரக்கிளுக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது, உச்ச வரம்பும் கிடையாது. ‘புள்ளி’ என்று மாற்றிவிடுகிறேன். யாருக்கும் மறுப்பு இருந்தால் மெய்ப்பு போவதற்குள் சொல்லுங்கள்.